மீன் எண்ணெய் பூசிய செயினும் ஆலந்தலை ஞானஸ்நானமும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரையோரமாக பைக்கில் போகிறவர்கள் செயினுக்கு என்ன எண்ணெய் போடலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். என்ன போடக் கூடாது என்று வேண்டுமானால் அடித்துச் சொல்வேன். எழுபதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே சாலையில் படித்த பாடம்.

போன காரணம் என் அக்கா ரோசலி. அப்பாவின் பேச்சை மீறி, ஆலந்தலையில் கடலுக்குப் போகிற ஒருவரைக் கட்டிக்கொண்டவள். அதன் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். ஞானத்தகப்பனாக நான் நிற்க வேண்டும். பூசை முடிவதற்குள் வராவிட்டால் அத்தானின் பெரியப்பா மகன் நின்றுவிடுவான். "எனக்குன்னு ஒருத்தன் வந்தான்னு ஊரு பாக்கணும்" என்று சொல்லச் சொன்னாளாம். அப்பாவிடம் சொன்னேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

முந்தின நாள் என் பைக்கை இரவல் வாங்கிய நண்பன் சூசை, சும்மா திருப்பித் தராமல் செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொண்டுவந்தான். அவன் வீட்டில் சங்கு குளிக்கப் போகும் வள்ளம் உண்டு. பலகை உப்பில் கெடாமல் இருக்க வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். அதையே செயினுக்கும் பூசியிருந்தான். நாற்றம் தாங்காமல் கேட்டேன்.

"ஏலே, வருசம் பூரா உப்புத் தண்ணில கெடக்க வள்ளத்துக்கே இதத்தான் போடுதோம். ஒஞ் செயினு அதவிட ஒசத்தியோ?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மரத்துக்கு அது மருந்து. காயக் காயப் பிசினாக இறுகிப் பலகையைக் காக்கும். இரும்புச் செயினுக்கு அந்தப் பிசின்தான் எமன். போதாக்குறைக்கு, ஸ்டைல் என்று நினைத்து செயின் கவரை நான் எப்போதோ கழற்றிப் பரணில் போட்டிருந்தேன்.

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினேன். ஆலந்தலை சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். முள்ளக்காடு தாண்டினால் இருபுறமும் உப்பளம். காற்று மணலை வாரிச் சாலையில் கொட்டிக்கொண்டிருந்தது. பழையகாயல் வரை பிரச்சினை இல்லை. முக்காணிப் பாலத்தில் கறுக், கறுக் என்று சத்தம் ஆரம்பித்தது. ஆறுமுகநேரி தாண்டியதும் செயின் கழன்றது. மாட்டினேன், மறுபடியும் கழன்றது. எண்ணெய்ப் பிசினில் மணல் அப்பி, கண்ணிகள் மடங்க மறுத்து முறுக்கிக்கொண்டு நின்றன. சூசையை வாய்விட்டுத் திட்டினேன். கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆதலால் வழியில் ஒரு மெக்கானிக் கடைகூடத் திறந்திருக்கவில்லை. காயல்பட்டினம் வரை தள்ளினேன். அங்கே கடைகளுக்கு வெள்ளிதான் விடுமுறை. முதலில் கண்ணில் பட்டது ஒரு தையற்கடை. மிஷினில் இருந்த கடைக்காரர் மைதீன் காக்கா (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) என்னைப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைச் சுளித்தார்.

"கருவாட்டு மூட்டையா கொண்டு போறிய தம்பி?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "மொதல்ல சட்டையக் கழத்துங்க. விசேசத்துக்குப் போற வெள்ளச் சட்ட" என்றார். அதை வாங்கி, தைத்து முடித்த துணிகளோடு கம்பியில் மாட்டினார். உடுத்திக்கொள்ள ஒரு பழைய சாரமும், அதாவது லுங்கியும், தந்தார். பிறகு ஸ்டவ்வில் இருந்த மண்ணெண்ணெயைத் தகர டப்பாவில் சாய்த்தார். டீ போட வைத்திருந்த எண்ணெய் ஆயிற்றே என்று தயங்கினேன்.

"டீ நாளைக்கும் குடிச்சிக்கிடலாம். புள்ள காரியம் இன்னைக்குத்தான?"

இணைப்புக் கண்ணியின் பூட்டைக் குறட்டால் நெம்பிச் செயினைக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். மடங்க ஆரம்பித்ததும் வெட்டுத் துணியால் துடைத்து, மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். லேசான எண்ணெய்தான், ஆனால் ஆலந்தலை வரை தாங்கும். சோப்புப் போட்டும் விரலிலும் நகக்கண்ணிலும் கறுப்பு போகவில்லை. அப்படியே சாரத்தை மாற்றி, சட்டையை மாட்டிக்கொண்டு பறந்தேன்.

கோயிலில் பூசை முடிந்திருந்தது. ஞானஸ்நானத் தொட்டியருகே பெரியப்பா மகன் தயாராக நின்றான். ரோசலி மட்டும் பிள்ளையை மடியைவிட்டு இறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "இந்தா பால் குடுத்துட்டு வாரேன் சாமி" என்று பாதிரியாரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இப்ப பிள்ளைக்கு வயிறு நெறஞ்சிட்டு சாமி" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. பெரியப்பா மகன் தானாகவே விலகி எனக்கு இடம் விட்டான். நல்ல மனுசன். நான் கையில் வாங்கியதும் பிள்ளை என் விரலைப் பிடித்து விளையாடியது, பிறகு அதே கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா, "சட்டையில என்ன கற?" என்றார்.

"பிள்ள புடிச்சதுப்பா."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். ஐந்து விரலும் தெரிந்தது. "தொவைக்கப் போடாண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடற்கரைச் சாலையில் ஓடிய பிறகு செயினை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, கியர் ஆயில் போடுங்கள். இப்போது கிடைக்கும் செயின் ஸ்பிரேயும் சரிதான். ஒரு மணி நேரம் விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். மேலே எண்ணெய் ஈரம் இருந்தால் மணல் ஒட்டும். பழைய மாதிரிப் பூட்டு என்றால் அதன் பிளந்த வாய் செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும். கவரைக் கழற்றாதீர்கள். மீன் எண்ணெயை வள்ளத்துக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: பின்னால் ஆள் ஏறுவதாக இருந்தால், அவரை உட்கார வைத்தே செயினின் தொய்வைப் பாருங்கள். இது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டது. விடியற்காலையில் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பைக் பக்கத்தில் வந்து நின்றார்.

"செயினுக்கு என்ன எண்ணெலே போட்டிருக்க?"

"கியர் ஆயிலுப்பா."

"ரெண்டு பேரு ஏறுனா தாங்குமா?"

"ஏறி உக்காருங்க, பாப்போம்" என்றேன்.