என்ன போட்டிருக்கு, சொல்லுங்க

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். பாடக்குறிப்பு, கேள்வித்தாள் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். திரையில் இருப்பதை அதுவே எனக்கு வாசித்துக் காட்டும். ஆனி மாதக் காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு நாள், அது எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காத கம்ப்யூட்டர் எதை வாசிக்கும்? என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவருக்குக் களக்காட்டில் வாழைத்தார் ஏலம் விடுகிற வேலை. வளவளவென்று பேசினால் ஆகாது.

"என்ன போட்டிருக்கு, சொல்லுங்க."

"ஏட்டி, ஏகப்பட்டது போட்டிருக்கு. கடைசில, தொடரலாமான்னு கேக்குது. குடுக்கட்டா?"

குடுங்க என்றேன். தொடர்ந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்பது அவர் விட்டுவிட்ட வரிகளில் இருந்திருக்கிறது. பல வருஷத்துப் பாடக்குறிப்பு போயிற்று. அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

இனிமேல் கெட்டுப்போனால் நானே சரிசெய்ய வேண்டும் என்று முன்கூட்டியே நகல் எடுத்து வைத்துத் திரும்பக் கொண்டுவரும் மீட்பு மென்பொருள் தேட ஆரம்பித்தேன். வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி ஒன்றைச் சிபாரிசு செய்தார்.

"இதவிட லேசு கெடையாது டீச்சர். பச்சையா ஒரு பொத்தான் வரும், அமுக்குனா முடிஞ்சுது."

பச்சை எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி என்றேன்.

"அதுக்கென்ன, வீட்டுல சார்வாள் பாத்துச் சொல்லுவாங்கள்லா" என்றார்.

விடுமுறை நாளெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். நகல் எடுக்கிறவரை எல்லாம் நன்றாகத்தான் பேசின. கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு பென் டிரைவிலிருந்து கிளப்பினால் ஒன்றும் வாய் திறக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது மட்டும் பேசுகிற டாக்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அலுத்துப் போனது.

கடைசியில், இலவசமாகக் கிடைத்த ஒன்று பென் டிரைவிலிருந்தே பேசியது. கரகரத்த குரல். ஆனாலும் சும்மா நம்ப நான் தயாராக இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பதை நானே அழித்துவிட்டு, நகலிலிருந்து மீட்டுப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

"நான் பக்கத்துல இருக்கட்டா?" என்றார் அவர். "இந்த மட்டம் ஒரு வரி விடாம வாசிக்கேன்."

"வேண்டாம். அங்கன போய் உக்காருங்க."

குரல் எச்சரிக்கை எல்லாவற்றையும் சொன்னது. எந்த டிஸ்க்கை அழிக்க என்று கேட்டது. நானே தேர்ந்தெடுத்தேன். வெகுநேரம் கழித்துக் கம்ப்யூட்டர் எழுந்து என் கோப்புகளின் பெயரை வாசித்தபோது துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. இதற்கா இத்தனை அலைச்சல் என்றுதான் இருந்தது.

அவரிடம் சொல்லலாம் என்று வெளியே வந்து, தோளைத் தேடிக் கையை நீட்டினேன். விரலில் கண்ணாடி இடறியது. வாசிக்க மட்டும் போடுகிற கண்ணாடி. கூப்பிடுவேன் என்று இத்தனை நேரமும் அதைப் போட்டபடியே உட்கார்ந்திருந்திருக்கிறார். நானே செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.