குடை, வாழைப்பழம், சாவி

மருத்துவ மாணவர்களுக்கு முதியோர் நலம் பற்றி வகுப்பெடுக்கிறேன். என்னை எரிச்சலூட்டும் வாக்கியம் ஒன்று உண்டு: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." எந்த மாணவனாவது இதைச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவனுக்கு அர்ச்சனைதான். மறதிக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், மூளை நோயாகவும் இருக்கலாம். எதையும் பார்க்காமல் வயதின் தலையில் கட்டாதே என்பேன்.

போன மாதம் நினைவாற்றல் சோதனையைச் செய்துகாட்ட ஒரு பெரியவர் தேவைப்பட்டார். வருவதாகச் சொன்ன நோயாளி முந்தின நாள் கைவிரித்துவிட்டார். அப்பாவைக் கேட்டேன். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கைலாசபுரத்தில் தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு ஸ்ரீரங்கத்தில் என்னோடுதான் இருக்கிறார். காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சோதனை எளிது. மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். ஒரு கடிகாரம் வரையச் சொல்ல வேண்டும். பிறகு அந்தச் சொற்களை மறுபடி கேட்க வேண்டும். "கூட வந்தவங்க ஜாடை காட்டக் கூடாது, கவனமா இருங்க" என்று மாணவர்களை எச்சரித்தேன்.

ஒரு மாணவி அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். "குடை, வாழைப்பழம், சாவி. சொல்லுங்க தாத்தா." கணீரென்று சொன்னார். கடிகாரம் வரைந்தார். எண்கள் எல்லாம் வட்டத்தின் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அது வெறும் வயதின் தடுமாற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும்; சமீபத்தில் வீட்டில் நடந்த இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு நாள் பால் பாக்கெட்டைத் துணி அலமாரியில் வைத்திருந்தார். இன்னொரு நாள் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் யாரோ ஏற்றிவிட்ட ஆட்டோவில் வந்து இறங்கினார். இரண்டு தடவையும் நான் என்ன சொன்னேன்? "வயசாச்சுல்லப்பா, விடுங்க." வகுப்பில் யாரையும் சொல்லவிடாத அதே வாக்கியம்.

"இப்ப அந்த மூணு வார்த்தையையும் சொல்லுங்க தாத்தா."

"குடை" என்றார். அப்புறம் நின்றுவிட்டார். மாணவியின் தலைக்கு மேலாக, எல்லாருக்கும் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

நான் பழம் உரிப்பதுபோல் விரலை அசைத்தேன். "வாழைப்பழம்!" பூட்டைத் திறப்பதுபோல் கையைத் திருகினேன். "சாவி!" மாணவர்கள் கைதட்டினார்கள். எல்லாருக்கும் முதுகுப்பக்கம் நடந்ததால் யாரும் எதையும் பார்க்கவில்லை. மாணவி மூன்று சொற்களுக்கும் முழு மதிப்பெண் போட்டாள். நான் அதைத் திருத்தவில்லை. என் மாணவர்கள் முன் என் அப்பா தடுமாறக் கூடாது என்று நினைத்தேன். அவருடைய உடம்பைவிட என் கௌரவம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

திரும்பும்போது சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில் கார் ஊர்ந்தது. அப்பா வழக்கமாக பஸ்காரர்களைத் திட்டிக்கொண்டே வருவார். அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். காவிரிப் பாலம் ஏறியதும் கேட்டார்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுல்லம்மா? அதனாலதானே கையைக் காட்டுனே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

"கொஞ்ச நாளாவே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ராத்திரி உங்க எல்லார் பேரையும் எனக்குள்ளயே சொல்லிப் பாத்துக்குவேன். ஆனா வீட்லயே டாக்டர் இருக்கே. நீ ஒண்ணும் சொல்லலையே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு தைரியமா இருந்தேன்."

பாலம் இறங்கியதும் காரை ஓரமாக நிறுத்தினேன். அவர் மடியில் இருந்த கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பலேர்ந்துப்பா இப்படி இருக்கு?" என்று கேட்டேன். முதல் வகுப்பில் நான் கற்றுக்கொடுக்கும் முதல் கேள்வி அது.