காலிக் குழாயின் இடம்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் காலிக்குழாய் என்று பெயர். வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். அவர் வாய் சும்மா இருக்காது என்றாலும், இந்தப் பெயரில் நியாயம் இருந்தது.

வருடக்கணக்காக இருமி இருமி ஓய்ந்துபோனவர்களின் சளி அந்த அறைக்கு வரும். உள்ளே எந்தக் கிருமி குடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தட்டில் வளர்த்துப் பார்ப்பது பழைய வழி. இவள் சளியில் இருக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்து, மெஷினில் லட்சக்கணக்கில் பிரதி எடுத்து, அதைப் படித்து ஆள் யார் என்று சொல்லிவிடுவாள். சுழற்றும் மெஷினில் இருபத்துநான்கு குழாய்களுக்கு இடம். இருபத்துமூன்றில் நோயாளிகள். கடைசிக் குழாயில் வெறும் சுத்தத் தண்ணீர், மற்ற குழாய்களில் சளியோடு கலக்கிற அதே தண்ணீர். மற்றவற்றுக்கு நடக்கும் உபசாரம் அத்தனையும் அதற்கும் நடக்கும். முடிவில் அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால், அந்தக் கிருமி நோயாளியுடையது அல்ல, நம்முடையது.

"வெறும் தண்ணிக்கு ஒரு சீட்டா? அங்க இன்னொரு ஆள உக்கார வைக்கலாம்ல?" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"மத்த எல்லாருக்கும் அதுதான் சாட்சி. கைய வச்சீங்கன்னா இருக்கு" என்பாள் அவள். பதினாறு வருடம் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் சொந்தக்காரருக்கு.

அக்காவின் கணவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். மெஷினைத் திறப்பதற்கு முன் சக்கரத்தைச் சுற்றவிட்டு, கண்ணை மூடிக் கேட்பார். எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று காதே சொல்லிவிடும். அந்தக் காதுதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. நெஞ்சுதான் ஒத்துழைக்கவில்லை. ஒன்பது வருடமாக இருமல். ஐந்து முறை சளியை வளர்த்துப் பார்த்தும் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

"பேர் தெரியாத நோயோட எத்தன நாள்தான் மல்லுக்கட்டறது? உன் மெஷின்ல ஒரு தடவ போட்டுப் பாரேன்" என்று அக்கா கேட்டாள்.

டாக்டரிடம் சீட்டு வாங்கி மாமாவின் சளி வந்த நாளில் இருபத்துமூன்று இடமும் நிரம்பியிருந்தது. அடுத்த சுற்றுக்கு எட்டு நாள். அவள் இருபத்துநான்காவது குழாயைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அதில் ஒரு தடவையாவது ஏதாவது வந்திருக்கிறதா? இல்லை. மாமாவை அங்கே வைத்தாள். படிவத்தில் தண்ணீருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டாள். தலைமை டாக்டர் அதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் படிவம் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன் அவர். அவள் படிவத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

முடிவு வந்தது. நுரையீரலில் புகுந்துகொண்டால் லேசில் விடாத ஒரு கிருமி. அக்கா போனிலேயே அழுதாள், சந்தோஷத்தில். "இப்பவாவது பேர் தெரிஞ்சுதே." டாக்டர் மாதக்கணக்கில் ஊசி எழுதினார். காது மந்தமாகலாம், திரும்பி வராமலும் போகலாம் என்று எச்சரித்தார். மாமா ஒரு நாள் யோசித்துவிட்டு, மூச்சு முக்கியம் என்று சரி சொன்னார். வியாழக்கிழமை முதல் ஊசி.

அதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய் மதியம், அவள் அதே சுற்றின் மற்ற முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் பட்டியலின் கடைசி வரியில் அதே கிருமி, துளியூண்டு. அடுத்தவருக்கும் அப்படியே. பதினொரு பேரிடம் எண்ணியதும் புரட்டுவதை நிறுத்தினாள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பதினொரு பேர். அந்தக் கிருமிக்குத் தண்ணீர்க் குழாய்களில் வாழ்கிற பழக்கம் உண்டு என்பது அவளுக்குப் பாடமாகவே தெரியும். மாமாவின் சளியில் மரபணு மிகக் குறைவு. வேறு குரலே இல்லாத இடத்தில் இது உரக்கக் கேட்டிருக்கிறது. உண்மையா பொய்யா என்று சொல்ல வேண்டிய சாட்சியைத்தான் அவள் எழுப்பி வெளியே அனுப்பியிருந்தாள்.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. நேராகத் தலைமை டாக்டர் அறைக்குப் போனாள்.

"அன்னிக்குத் தண்ணிக் குழாய் போடல சார். எங்க மாமாவப் போட்டேன்."

"நீயா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஊசியை நிறுத்தச் சொல்லி உடனே போன் போனது. இருபத்துநான்கு முடிவுகளையும் திரும்பப் பெற்றார்கள். மிச்சமிருந்த சளிகளை இரண்டு சுற்றாகப் பிரித்து, அதே பாட்டில் தண்ணீரைக் காலிக் குழாயில் வைத்து ஓட்டினாள். வெறும் தண்ணீரில் அந்தக் கிருமி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மாமாவின் சுற்றுக்குப் புதிதாகத் திறந்த பாட்டிலே அசுத்தம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, வேறு பாட்டிலோடு மறுபடி ஓட்டியபோது காலிக் குழாய் காலியாகவே இருந்தது. மாமாவின் குழாயில் இப்போது வேறொன்று, மாத்திரைக்கு அடங்குகிற சாதாரணக் கிருமி. சளி கொடுக்கும் முன்பெல்லாம் மருந்துக்கடையில் எதையாவது வாங்கி விழுங்கிவிட்டுத்தான் போவார் அவர். செத்த கிருமி தட்டில் எப்படி முளைக்கும்? மரபணு மட்டும் மிச்சம் இருந்தது.

அவளுக்கு மெமோ வந்தது. பக்கத்து மேசைக்காரர் பத்து நாள் அவளைக் காலிக்குழாய் என்று கூப்பிடவில்லை. அது அவளுக்கு மெமோவைவிட வலித்தது. அக்கா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சந்தோஷப்பட வச்சுட்டு இல்லன்னு சொன்னியே" என்பது அவள் குறை. மாமாவுக்கு இருமல் பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை, போகாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு மாமாவே சளி டப்பாவோடு சன்னலில் வந்து நின்றார். உள்ளே சுழன்றுகொண்டிருந்த மெஷினைக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"உங்க மெஷின்ல ஒரு பேரிங் தேயுதும்மா, சொல்லி வை" என்றார். பிறகு டப்பாவை நீட்டினார். "இன்னிக்கு இடம் இருந்தா போடு. இல்லன்னா அடுத்த வாரம் வரேன். தண்ணிய எழுப்பிட்டு என்ன உக்கார வைக்காத."