மூன்றாம் பீரியடில் இரண்டு வகுப்பு

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்வதற்குப் பல வருஷம் முன்பே அந்தப் பூகோள டீச்சருக்குக் 'கம்ப்யூட்டர்' என்று பேர் வந்துவிட்டது. முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்துநாலு வகுப்புகள், நாளைக்கு எட்டுப் பீரியடு. எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே அடுக்கி, ஒரே மூச்சில் கால அட்டவணையாக எழுதிக் கொடுப்பார். அதைச் சரிபார்க்கும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

பிறகு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, குணமாகிவிட்டது என்றார்கள். குணமான பிறகுதான் அவருக்கு முடியாமல் போனது. தூங்கி எழுந்தால் தூங்கியதே களைப்பாக இருந்தது. தலைக்குள் யாரோ ஈரத்துணி போர்த்திய மாதிரி.

"மருந்தோட வேலைம்மா. மெல்ல விலகும். எப்போன்னு மட்டும் கேக்காதீங்க," என்றார் டாக்டர். டீச்சர் கேட்க நினைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

எட்டாம் வகுப்பில் 'தீபகற்பம்' என்ற சொல் வாய்க்கு வரவே இல்லை. "மூணு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நிலம். அதுக்கு என்ன பேரு?" என்று பிள்ளைகளையே கேட்டுச் சமாளித்தார். மறந்ததையெல்லாம் இப்படிக் கேள்வியாக்கியதில் வகுப்பு முன்னைவிட நன்றாகப் படிக்கத் தொடங்கியது.

அட்டவணையில் இந்தச் சாமர்த்தியம் எடுபடவில்லை. புதுப் பருவத்தின் முதல் திங்கட்கிழமை மூன்றாம் பீரியடில், கணக்கு சாருக்கு ஏழு பி-யும் ஒன்பது ஏ-யும் ஒன்றாக விழுந்திருந்தன.

"நான் ரெண்டு பேரா இருந்தா, ஒருத்தன் வீட்ல தூங்கிட்டு இருந்திருப்பானே டீச்சர்," என்றார் அவர்.

ஆசிரியர் அறை சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தலைமை ஆசிரியை நல்லவர். அது இன்னும் சங்கடம். "அட்டவணைய வேற யாராவது பாக்கட்டுமே. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் எடுத்து எடுத்துத்தான் மேடம் களைச்சுப் போயிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பழைய அட்டவணையே ஓடட்டும். அதுக்குள்ள புதுசு சரியா வரலேன்னா நானே விட்டுடறேன்."

வீட்டில் கணவரும் விட்டுவிடச் சொன்னார். "முடி போச்சு, வளந்துடுச்சு. இது போனா வளருமான்னு தெரியலீங்க," என்றார் டீச்சர்.

காலை பத்திலிருந்து பதினொன்று வரை மட்டும் தலை தெளிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரம், நூலக மேசையில் பாடத்துக்கொரு நிறமாகத் துண்டுச்சீட்டுகளைப் பரப்பி நகர்த்தினார். பதினொன்று அடித்தால், "இங்கே நிறுத்தினேன். அடுத்து ஒன்பது ஏ கணக்கு," என்று தனக்கே எழுதி வைத்துவிட்டு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை கணக்கு சாரைக் கூப்பிட்டார். "தப்பு கண்டுபிடிங்க சார்."

பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம். சார் ஆசை தீரத் தேடினார்.

"ரெண்டுதான் டீச்சர் கிடைச்சுது," என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. இரண்டையும் அங்கேயே திருத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டு, பாடத்துக்கொரு நிறமாக அட்டவணை சுவரில் ஏறியது. இந்தத் தடவை எல்லாருக்கும் புரிந்ததால் எல்லாருக்கும் குறை இருந்தது.

"உங்களுக்கு மட்டும் தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஃப்ரீ பீரியடா? என்ன நியாயம் இது?" என்றார் விளையாட்டு மாஸ்டர்.

"நியாயம் இல்லதான். அந்த நேரத்துல எனக்குத் தலை வேலை செய்யாது. அதான் போட்டுக்கிட்டேன்."

பக்கத்திலிருந்த கணக்கு சார் மெல்லச் சொன்னார்: "அந்த நேரத்துல எனக்கும்தான் வேலை செய்யறதில்ல."

"அடுத்த பருவத்துக்கு எழுதிக் குடுங்க சார், பாப்போம்," என்றார் டீச்சர்.