சாக்ஸுக்கு மேல் கொலுசு

பாரீசுக்குத் திரும்பும் பேத்திக்கு மெட்டி வாங்க, அவள் மாமியாரோடு இன்று காரைக்கால் கடைத்தெருவுக்குப் போனோம்.

"மெட்டியே வேணாம் அத்தை" என்றாள் பேத்தி.

சம்பந்தியம்மா முகம் சுருங்கியது. "கல்யாணமான பொண்ணு மெட்டி போடாமலா?"

"போன குளிர்ல கால்வெரலெல்லாம் மொளகாப்பழமாட்டம் செவந்து வீங்கி ஒரே அரிப்பு. குளிர் வர்றதுக்கு முன்னாடியே கம்பளி சாக்ஸ் போடணும், வெரல்ல இறுக்கமா எதுவும் கூடாதுன்னாங்க டாக்டர்."

நான் கடைக்காரர் எடுத்துவைத்த மெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் பேசினாலும் வம்பு.

சம்பந்தியம்மா கடைக்காரரிடம் திரும்பினார். "மெட்டிய உள்ள வைங்க தம்பி. சாக்ஸுக்கு மேல போடுற மாதிரி தொளதொளன்னு கொலுசு காட்டுங்க."

கடையே சிரித்தது.

பாரீசில் சாக்ஸுக்கு மேல் கொலுசு போட்டு நடக்கப்போகிற முதல் பெண் என் பேத்திதான். இல்லையென்பவர்கள் சொல்லுங்கள், பார்ப்போம்.