போட்டுப் பார்க்கக் கூடாத ஒப்பாரி

மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இதில் புகுந்தேன். கல்யாண வீடு, கோயில் கொடை, சாவு வீடு, எல்லாவற்றுக்கும் போவேன். எங்கே போனாலும் பயமும் கூடவே வரும். ஈரத்தில் கம்பி கிடக்குமோ, குழந்தை எதையாவது தொட்டுவிடுமோ, தாலி கட்டுகிற நேரம் பார்த்து கரண்டு போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒரு இணைப்பை முறுக்கிவிட்டு வந்து, திரும்பப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். இப்படிப்பட்டவனிடம்தான் அந்தப் பெரியம்மா தன் சாவுக்கான பாட்டைக் கொடுத்துவைத்தார்.

பெரியம்மா என்று கூப்பிடுவேனே தவிர எனக்கு உறவில்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்தார். களக்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவளும் இல்லை. ஒப்பாரி வைக்க அவரை விட்டால் எங்கள் பக்கம் ஆள் கிடையாது. யார் இறந்தாலும் போய் உட்கார்ந்து, செத்தவர் பிறந்ததிலிருந்து பட்டதையெல்லாம் அழுகையிலேயே சொல்லிமுடிப்பார். மற்றப் பெண்கள் அவர் எடுத்துக்கொடுத்த பிறகுதான் சேருவார்கள்.

சில வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் என் கடைக்கு வந்தாள். ஒப்பாரிகளைப் பதிவு செய்து சேர்த்துவைப்பதாகச் சொன்னாள். அவளுடைய சின்னக் கருவியில் குரலைவிடக் காற்றுதான் அதிகம் விழுந்தது. அதனால் என் மைக்கைக் கேட்டாள். இரண்டு பேருமாகப் பெரியம்மா வீட்டுக்குப் போனோம்.

அவர் என்னைத்தான் பிடித்து ஏசினார். "ஏலே, சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வச்சா அடுத்த சாவு அங்கனதான் விழும். இந்தப் பிள்ளைக்குத் தெரியாது, சரி. ஒனக்குமா தெரியாது? என்னய அனுப்பி வச்சிட்டு அந்தச் சாவுக்கும் நீயே செட்டு போடலாம்னு பாக்கியோ?"

"ஐயோ பெரியம்மா..."

"ஆத்துக்கு வாங்க. ஆறு எல்லா அழுகையும் கேட்டதுதான்."

படித்துறையில் உட்கார்ந்தோம். நான் மைக்கைத் துணியால் சுற்றினேன். பாடச் சொன்னதும், "ஆருக்கு?" என்று கேட்டார்.

"யாருக்குன்னாலும் சரி பாட்டி. சும்மா ஒரு மாதிரிக்கு," என்றாள் அந்தப் பெண்.

"செத்த ஆளு முன்னால கெடக்காம எப்படிளா அழ? இது என்ன சினிமாப் பாட்டா?"

பெரியம்மா கொண்டையை அவிழ்த்தார்.

"சரி, என்னையே செத்த ஆளாப் போட்டுக்கிடுதேன். ஊருக்கெல்லாம் நான் அழுதாச்சு. எனக்கு ஆரு இருக்கா அழ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. நான் சத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிவப்புக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் பாட்டின் சொற்கள் பாதி காதில் ஏறவில்லை. களக்காடு வந்தது. கொழுந்தன் பெயர் வந்தது, வயல் வந்தது. அந்த வயல் சங்கதி தெருவுக்கே தெரியும். புருஷன் செத்த பிறகு கொழுந்தன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது.

முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் இருக்கது வரைக்கும் இத ஆரும் போட்டுக் கேக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் வைக்கக் கூடாது. நான் போன பொறவு ஊரே கேக்கட்டும்."

கல்லூரிப் பெண் சம்மதித்தாள். பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கி இத என் தலமாட்டுல போட்டுரு. எதையும் வெட்டாத. முழுசாப் போடணும், கேட்டியா?"

சரி என்றேன். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன்! அதற்குப் பிறகு மூன்று பேரும் ஆற்றில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். ஒப்பாரி வைத்த இடத்திலிருந்து முழுகாமல் வரக்கூடாது.

பதிவில் ஒரு பிரதியை அந்தப் பெண் கொண்டுபோனாள். இன்னொன்றை நான் ஒரு மெமரி கார்டில் ஏற்றிக் கடையில், பழைய மைக் பெட்டிக்குள் வைத்தேன். அன்றிலிருந்து பிடித்தது கவலை. கார்டு கெட்டுப்போகும். தொழிலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், நேற்றுப் பாடியது இன்று பாடாது. இன்னொரு கார்டில் ஏற்றினேன், அதற்கு மேலும் ஒன்றில் ஏற்றினேன். திரையில் பெயர் தெரியும், எவ்வளவு நேரம் ஓடும் என்பது தெரியும். உள்ளே குரல் இருக்கிறதா, வெறும் இரைச்சலா என்று தெரிய வேண்டுமானால் போட்டுப் பார்க்க வேண்டும். போடக் கூடாது. உயிரோடு இருக்கிறவரின் ஒப்பாரியைப் போட்டு, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்?

கல்லூரிப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"ஒங்ககிட்ட நல்லா கேக்குதாம்மா?"

"நான் போடவே இல்லியே அண்ணாச்சி. போடக் கூடாதுன்னுல்லா சொன்னாங்க?"

நல்ல பிள்ளை. அவள் நல்ல பிள்ளையாக இருந்ததே எனக்கு ஒரு கவலையாகிவிட்டது. இதைச் சொல்லிப் புலம்ப என் வீட்டில் யாரும் இல்லை. நானும் தனியாள்தான். பெரியம்மா கடை வழியாகப் போகும்போதெல்லாம், "என்னலே, பத்திரமா இருக்கேனா?" என்பார். "இருக்கிய பெரியம்மா," என்பேன். இருக்கிறாரா என்று எனக்கே தெரியாது.

போன கார்த்திகை மழையில் அவர் இறந்துபோனார். கொழுந்தன் முன்னாலேயே காலமாகிவிட்டதால், கொழுந்தன் மகன்தான் திருநெல்வேலியிலிருந்து வந்து காரியங்களைப் பார்த்தான். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுல எங்க அப்பா பேரு வருதா?"

"வருது தம்பி."

"அப்ப அத வெட்டிட்டுப் போடுங்க அண்ணாச்சி. செத்த வீட்டுல எதுக்கு?"

"முழுசாப் போடணும்னு சொல்லிருக்காங்க."

"வெட்டத் தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும். வெட்ட மாட்டேன்."

கார்டு இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்தான், மழையைப் பார்த்தான்.

"குழாய் ஸ்பீக்கர்ல வேண்டாம். தெருவெல்லாம் கேக்கும். உள்ள பைய வச்சிக்கிடுங்க."

உள்ளே பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழ ஆரம்பிக்கவில்லை. எப்போதும் எடுத்துக்கொடுக்கிறவர் நடுவில் படுத்திருந்தார். சின்ன ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைத்தேன். கார்டைச் செருகினேன். முதலில் ஆற்றுச் சத்தம் வந்தது. பிறகு நான் இருமியது. இவ்வளவுதானா என்று நினைத்தபோது அவர் குரல் எழுந்தது.

"ஏ ஆத்தே, அவளேல்லா!" என்றாள் ஒருத்தி.

"செத்தும் நம்மள நம்ப மாட்டேங்காளே, மூதி," என்று இன்னொருத்தி சொல்லிச் சிரிக்கப் போய், அப்படியே அழுதாள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டார்கள். குரல் அங்கே எடுத்துக்கொடுக்க, இவர்கள் இங்கே சேர்ந்தார்கள். சேர்ந்த அழுகையில் கொழுந்தன் பெயர் வந்ததோ போனதோ, ஒருவருக்கும் கேட்டிருக்காது. கொழுந்தன் மகன் அந்த நேரம் பாடைக்காரர்களோடு வெளியே நனைந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் கல்லூரிப் பெண்ணுக்குப் போன் செய்து, "இனிமே நீங்க போடலாம்மா," என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தன் மகன் என் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காராமல் நின்றான்.

"எங்க அப்பாவச் சொன்ன எடத்த மட்டும் போடுங்களேன்."

"அது எங்கன வருதுன்னு எனக்கே தெரியாது தம்பி. முதல்லேருந்துதான் கேக்கணும்."

கேட்டோம். அன்றைக்குத்தான் நானும் ஒழுங்காகக் கேட்டேன். நெல்லு வெளஞ்ச வயலெல்லாம் நீ எடுத்துக்கிட்ட கொழுந்தனே என்று ஏசிக்கொண்டே வந்த குரல், அதே மூச்சில், தாய்ப்பால் இல்லாத ஒம் பிள்ளைய என் தோளுல போட்டியே, அந்தப் பாரம் ஒண்ணுதான் எனக்குப் பாரமில்ல என்று இறங்கியது.

அவன் உட்கார்ந்துவிட்டான்.

"யாரச் சொல்லுதாங்க அண்ணாச்சி?"

"ஒங்கப்பாவுக்கு நீங்க ஒரே பிள்ளைதான தம்பி."

"எங்க வீட்டுல ஒருத்தரும் சொல்லல. இவங்க உயிரோட இருக்கையில நான் இந்த வாசல்ல வந்து நின்னதுகூடக் கெடையாது."

இன்னொருக்கா போடச் சொன்னான். போட்டேன். பிறகு செல்போனை நீட்டினான்.

"இதுல ஏத்திக் குடுங்க. வீட்டுக்குக் கொண்டு போறேன்."

ஏற்றப் போன கை நின்றுவிட்டது. அவன் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். போன பிறகு ஊரே கேட்கட்டும் என்றாரே, வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றது அதற்குப் பிறகும் உண்டா? அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க இனி ஆளும் இல்லை.

"இங்கன வந்து கேளுங்க தம்பி," என்றேன். "எப்ப வந்தாலும் போடுதேன்."

அவன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டு ஜங்ஷன் பக்கமாக நடந்தான். அப்புறம் வரவில்லை. அவனுக்குக் கொடுக்காமல் விட்டது அவர் சொல்லைக் காத்ததா, கெடுத்ததா என்று கடையில் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.