சாம்பியன் ரீப்ஸில் ஏறிய மாம்பழக் கன்டெய்னர்

2001 மே 11, வெள்ளிக்கிழமை. ‘மே மாதத்தில் ஒரு நாள்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கம் மூடப்பட்டு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வேலையிழந்தவர்களில் சிலர் கூட்டாகச் சேர்ந்து, பக்கத்துச் சீனிவாசபுரத்து மாம்பழத்தை முதன்முறையாகக் கப்பலில் அனுப்பவிருந்தார்கள். துறைமுகத்தில் குளிர்பதனக் கன்டெய்னர்களைக் கவனித்து ஓய்வுபெற்ற என்னை மேற்பார்வைக்கு அழைத்திருந்தார்கள். இந்தச் சரக்கு கெட்டால், வாங்குபவர் மறுமுறை கேட்கமாட்டார். இவர்கள் போட்டிருந்த பணத்துக்கும் மறுபிறவி கிடையாது.

சென்னையிலிருந்து காலை ரயிலில் பங்காருபேட்டை; அங்கே மாரிகுப்பம் வண்டிக்கு மாறவேண்டும். சாம்பியன் ரீப்ஸ் நிலையத்திலிருந்து சரக்கேற்றும் கொட்டகை நடக்கும் தூரமே. “ரொம்ப தூரம் சார்” என்ற ஆட்டோக்காரரை நம்பாதீர்கள். அன்றைய கட்டணங்களை எழுதவில்லை. அவற்றைக் கொண்டு இன்று யாரும் பயணம் போகமுடியாது.

நான் சேர்ந்தபோது ஏற்றி முடித்திருந்தார்கள். பழங்களை முந்தின நாளே குளிர் அறையில் வைத்திருந்தது சரி. ஆனால் பெட்டிகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. மிச்ச இடுக்குகளிலும் மர ஆப்பு அடித்திருந்தார்கள். இதற்கு மேல் அடுக்கக்கூடாது என்று உள்சுவரில் போட்டிருந்த சிவப்புக் கோடு பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

“சிவப்புக் கோடு தெரியும்வரை பிரித்து இறக்குங்கள்” என்றேன்.

மேஸ்திரி ஆறுமுகம் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக்கொடுத்தவர். “இன்னா சார் பேசறீங்க? கூரைக்கும் கட்டைக்கும் நடுவுல வெரல் நொழைஞ்சா ஆள் காலி. இப்படி அடுக்கித்தான் நாங்க உசுரோட மேல வந்தோம்.”

“இந்தக் கூரை விழாது, ஆறுமுகம். குளிர்காற்று தரைப்பள்ளங்களில் புறப்பட்டு, பெட்டிகளுக்குள் ஏறி, கோட்டுக்கு மேலேதான் திரும்பவேண்டும். நீங்கள் அதை அடைத்துவிட்டீர்கள்.”

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். “அட, காத்து ரிட்டர்ன் போற வழியா! அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பெரிய்ய ஆப்பீசரு, சிவப்புக் கோடு சிவப்புக் கோடுன்னு…”

லாரி ஓட்டுநருக்குப் பொறுமை இல்லை. “யோவ் பெருசு, எறங்கு. கதவ மூடணும். காலைல துறைமுக கேட்டு மூடிருவான்.”

நான் கன்டெய்னர் வாசலை விட்டு நகரவில்லை. “அழுகின பழத்தைக் கொண்டுபோக அவசரம் எதற்கப்பா?”

“கப்பல் போச்சுன்னா நான் பொறுப்பில்ல!”

“நீ பொறுப்புன்னு யாரு சொன்னது?” என்றார் ஆறுமுகம். “எங்க பழம், எங்க துட்டு. போயி டீ குடி. டேய், மேல் வரிசைய எறக்குங்கடா!”

குளிர்பதன இயந்திரத்தை நிறுத்திவிட்டே கதவைத் திறந்து வேலைசெய்தார்கள். ஓடவிட்டால் வெளியிலிருந்து வெப்பக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஆப்புகள் அத்தனையும் வெளியே வந்தன. இறக்கிய பெட்டிகள் உடனே குளிர் அறைக்குத் திரும்பின. கோட்டுக்கு மேலிருந்தவை கப்பலுக்குப் போகவே இல்லை. மறுநாள் பங்காருபேட்டைச் சந்தையில் விற்றார்கள். வண்டி இருட்டுவதற்குள் புறப்பட்டு, கேட் மூடுமுன் போய்ச் சேர்ந்தது.

இப்படிச் சரக்கேற்றப் போகிறவர்களுக்கு: குளிர்பதனக் கன்டெய்னர் பழத்தைக் குளிர்விக்காது, குளிர்ந்த பழத்தை அப்படியே காப்பாற்றும், அவ்வளவுதான். மாம்பழத்துக்குப் பதின்மூன்று டிகிரி போதும். அதிகம் குளிர்ந்தால் தோல் கறுக்கும். காற்றுத்துளையைத் திறந்து வையுங்கள், பழமும் மூச்சுவிடுகிறது. யாராவது அவசரப்படுத்தினால் வாசலிலேயே நில்லுங்கள். என் வயதிலும் அது முடிந்தது.

ஜூன் மாதம் ஆறுமுகம் தொலைபேசியில் அழைத்தார்.

“பழம் நல்லா போய்ச் சேந்துச்சு சார். இன்னொரு வண்டி கேக்கறாங்க. இந்த வாட்டி நீங்க நின்னு பாக்கத் தேவையில்ல.” உடனே சேர்த்துக்கொண்டார்: “சும்மா வேடிக்க பாக்கணும்னா வாங்க.”